கூடை ஐநூறுக்கு, கிலோ இருபதுக்கு: ‘பிரைஸ்’ பக்கத்தில் எந்தச் சொல்?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் எந்தக் காலையிலும் காதில் விழக்கூடிய பேச்சு:

“என்ன வெலைக்குப் போச்சுங்க?”

“கூடை ஐநூறுக்குங்க. கிலோ இருபதுக்கு விழுது.”

“போன வாரம் தக்காளிக்கு வெலையே இல்ல. இப்பப் பரவால்ல.”

எண்ணிப் பாருங்கள், நாலு ‘க்கு’ இருக்கிறது. தமிழில் நாலும் ஒரே உருபு, நமக்கு யோசிக்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அது இரண்டு சாலையாகப் பிரிகிறது. முதலாவதும் மூன்றாவதும் ‘அட்’. இரண்டாவதும் நான்காவதும் ‘ஃபார்’. ‘பிரைஸ்’ என்ற சொல் தெரியாதவர் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிடையாது. அதன் முன்னும் பின்னும் ஒட்டுகிற குட்டிச் சொல்லில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கோ வெளிமாநில வியாபாரிக்கோ வாட்ஸ்அப்பில் விலை சொல்லி அனுப்புகிறவருக்கு அந்தச் சறுக்கல் பணமாகவே போகும்.

முதலில் ‘அட்’, ‘ஃபார்’ விவகாரம். இதில்தான் சேதாரம் அதிகம்.

25 கிலோ கூடை ஒன்று, கிலோ 20 ரூபாய், மொத்தம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 என்பது வீதம். 500 என்பது கைக்கு வந்த மொத்தப் பணம். வீதத்துக்கு முன்னால் ‘அட்’, மொத்தத்துக்கு முன்னால் ‘ஃபார்’. ‘வி சோல்ட் இட் அட் 20 ருபீஸ் எ கிலோ.’ ‘வி சோல்ட் தி பாஸ்கெட் ஃபார் 500 ருபீஸ்.’ இதை மாற்றி, ‘வி சோல்ட் தி லோட் ஃபார் 20 ருபீஸ்’ என்று எழுதிவிட்டால் முழு லோடையும் இருபது ரூபாய்க்குத் தள்ளிவிட்டீர்கள் என்று அர்த்தம். படிக்கிறவர் புரிந்துகொள்வார், சரி. ஆனால் ஒப்பந்தத் தாளில் அப்படி இருந்தால் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சந்தேகம் வந்தால் பில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மெயில் முகவரியில் வருகிற @ குறியை நாமெல்லாம் ‘அட் தி ரேட்’ என்றுதானே படிக்கிறோம்? அந்தப் பெயர் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 25 கிலோ @ 20 = 500. ரூபாய்க்கு முன்னால் @ போட்டால் கணக்கு சரியாக நிற்கிறதா? அப்படியானால் ‘அட்’. நிற்கவில்லையா, ‘ஃபார்’. இதைவிட எளிய சோதனை இருப்பதாகத் தெரியவில்லை.

‘பிரைஸ்’ என்ற சொல்லே வரும்போதும் அதே ‘அட்’தான்: ‘அட் திஸ் பிரைஸ்’, ‘அட் எ குட் பிரைஸ்’, ‘அட் ஹாஃப் பிரைஸ்’. கடைப் பலகைகளில் காணப்படும் ‘இன் லோ பிரைஸ்’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம்ம ‘குறைந்த விலையில்’தான். ‘இல்’ என்றதும் கை தானாக ‘இன்’ எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் விலை ஒரு அளவுகோலின் மேல் இருக்கிற புள்ளி. தொப்பூர் கணவாயில் லாரி 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலும் ‘அட்’, தண்ணீர் 100 டிகிரியில் கொதித்தாலும் ‘அட்’. தமிழில் இந்த இடங்களிலெல்லாம் ‘இல்’. பலகை எழுதுகிறவர் ‘அட் லோ பிரைசஸ்’ என்று பன்மையில் எழுதிவிட்டால் நடுவில் ‘எ’ வேண்டுமா என்ற தொல்லையும் தீர்ந்தது. ஒருமை என்றால் ‘எ’ கட்டாயம்: ‘அட் எ லோ பிரைஸ்’. (‘சீப் பிரைஸ்’ பேச்சில் சகஜம். எழுத்தில் பொருள் ‘சீப்’, விலை ‘லோ’ என்று பிரித்துக்கொள்வது நல்லது. ‘பிரைஸ் இஸ் காஸ்ட்லி’யும் இதே கோளாறு; விலை ‘ஹை’தான்.)

ஒரு விலக்கு. ஒன்றின் விலைக்கு இரண்டு என்கிற விளம்பரம் ‘டூ ஃபார் தி பிரைஸ் ஆஃப் ஒன்’. அங்கே விலை கைமாறுகிற பணமாக நிற்கிறது, அதனால் ‘ஃபார்’. விதியை மீறவில்லை, உண்மையில்.

அடுத்தது விலைக்குப் பின்னால் வருவது: ‘ஆஃப்’பா, ‘ஃபார்’ஆ?

பொதுவாகப் பொருளின் விலை என்றால் ‘ஆஃப்’. ‘தி பிரைஸ் ஆஃப் டொமாட்டோஸ்.’ தமிழில் ‘தக்காளியின் விலை’ என்று சொல்ல முடிகிற இடம் இது. ‘கெட்’, ‘பே’, ‘ஆஃபர்’ மாதிரி ஒரு வினை வந்து, பேரம் நடக்கிறது என்றால் ‘ஃபார்’: ‘தே காட் எ குட் பிரைஸ் ஃபார் தி ஃப்ரூட்.’ ஆலையிலிருந்து ‘வாட் இஸ் யுவர் பிரைஸ் ஃபார் 10 டன்ஸ்?’ என்று கேட்டால், மார்க்கெட்டில் என்ன விலை என்று கேட்கவில்லை. பத்து டன்னுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். பதிலில் பேரம் பேச இடம் இருக்கிறது.

ஆளுக்கு முன்னால் வரும்போது கூடுதல் கவனம். விவசாயிகளுக்கு நியாய விலை கேட்டு எழுதுகிற மனுவில் ‘எ ஃபேர் பிரைஸ் ஃபார் ஃபார்மர்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘பிரைஸ் ஆஃப் ஃபார்மர்ஸ்’ என்றால் விவசாயியே விற்பனைக்கு வந்துவிடுகிறார்.

இன்னொரு ‘க்கு’வும் உண்டு. தலைக்கு விலை வைப்பது. அது ‘ஃபார்’ இல்லை, ‘ஆன்’: ‘எ பிரைஸ் ஆன் ஹிஸ் ஹெட்’. நம்ம பக்கத்தில் இதைச் சொன்னதும், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவுக்கு வராதவர் குறைவு.

இனி விலை ஏற்றம். தக்காளி 15 ரூபாயிலிருந்து 20 ரூபாய் ஆகிறது. ‘அஞ்சு ரூபா ஏறிச்சு’ என்றால் ‘ரோஸ் பை 5 ருபீஸ்’. ‘இருபதுக்கு ஏறிச்சு’ என்றால் ‘ரோஸ் டு 20 ருபீஸ்’. ‘பை’ தாண்டிய தூரம், ‘டு’ போய் நின்ற இடம். ‘பை’யை விட்டுவிட்டு ‘ரோஸ் 5 ருபீஸ்’ என்றாலும் தப்பில்லை. ‘டு’வை விட்டால் போச்சு: ‘ரோஸ் 20 ருபீஸ்’ என்று எழுதினால் பதினைந்து முப்பத்தைந்து ஆகிவிடும்.

‘ரைஸ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘பை’யின் இடத்தை ‘ஆஃப்’ எடுத்துக்கொள்ளும். எது மாறியதோ அதற்கு முன்னால் ‘இன்’. மேலே திட்டு வாங்கிய அதே ‘இன்’ இங்கே சரி, ஏனென்றால் ‘விலையில் ஏற்றம்’. சேர்த்து எழுதினால்: ‘எ ரைஸ் ஆஃப் 5 ருபீஸ் இன் தி பிரைஸ் ஆஃப் டொமாட்டோஸ்’. தொகை வந்தால் ‘ஆஃப்’, மாறிய விஷயம் வந்தால் ‘இன்’, பொருள் வந்தால் மறுபடி ‘ஆஃப்’. ‘ஃபால்’, ‘டிராப்’, ‘இன்க்ரீஸ்’, ‘டிஃபரன்ஸ்’ எல்லாம் இதே தடத்தில் ஓடும். தள்ளுபடி மட்டும் வேறு: ‘டிஸ்கவுன்ட் ஆன்’.

சீசனில் ஓடுகிற வகையில் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு பழுது பார்ப்போம். எண் உதாரணத்துக்குத்தான்.

‘சார், வி கேன் கிவ் பெங்களூரா இன் பிரைஸ் ஆஃப் 18,000 ருபீஸ் ஃபார் பெர் டன். வி வில் டிஸ்கஸ் அபௌட் தி பிரைஸ்.’

‘இன்’ போய் ‘அட்’ வர வேண்டும். ‘பிரைஸ் ஆஃப்’ இருக்கலாம், ஆனால் முன்னால் ‘எ’ இல்லாமல் நொண்டுகிறது, எடுத்துவிட்டாலே சுத்தம். ‘ஃபார் பெர்’ ஒரே வேலைக்கு இரண்டு ஆள். ‘பெர் டன்’ அல்லது ‘எ டன்’ போதும். ‘டிஸ்கஸ்’ தன்னோடு ‘அபௌட்’டைச் சேர்த்துக்கொள்ளாது. ‘அபௌட்’ வேண்டும் என்றால் ‘டாக்’ போட்டுக்கொள்ளலாம். இலக்கணத்துக்கு வெளியே ஒன்று: நமக்குத்தான் அது பெங்களூரா, வெளியூர் ஆளுக்குத் தோத்தாபுரி என்று எழுதினால்தான் எந்தக் காய் என்று தெரியும்.

‘வி கேன் சப்ளை தோத்தாபுரி அட் 18,000 ருபீஸ் எ டன். வி கேன் டிஸ்கஸ் தி பிரைஸ்.’

கைபேசியில் எழுதும்போது ‘டிஸ்கஸ் அபௌட்’டின் கீழே கோடு போட்டுக் காட்டுகிற திருத்திகள் உண்டு. ‘அட்’ வர வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போட்டால் அவை பெரும்பாலும் வாயே திறக்காது. முழு லோடையும் இருபது ரூபாய்க்கு விற்பது இலக்கணப்படி குற்றமில்லையே.