காட்டு ஓடைத் தண்ணியில கொடுவா மீன்

நம்ம சிங்கப்பூர்ல மட்டுமே வாழுற ஒரு நண்டு இருக்குன்னு இங்கயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வேலைக்கு வர்ற வரைக்கும் தெரியாது. ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ், பேராசிரியர் பீட்டர் இங் 1986-ல விவரிச்ச நன்னீர் நண்டு, ஓடு சுமார் மூணு சென்டிமீட்டர் அகலம்தான், புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக் பக்கம் சில சின்ன ஓடைங்க, அவ்ளோதான் அதோட உலகம். 2012-ல உலகத்துலயே ரொம்ப ஆபத்துல இருக்கிற 100 உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் இருந்துச்சு. நாங்க போன ஓடை எதுன்னு சொல்லமாட்டேன், யாராவது பிடிக்கப் போயிடுவாங்க.

நண்டைத் தேடணும்னா கல்லு கல்லா பொரட்டணும், அது ஒளிஞ்சிருக்கிற இடத்தையே நாம கலைச்சிடுவோம். அதனாலதான் இ-டிஎன்ஏ, அதாவது சுற்றுப்புறத்துல சிதறிக் கிடக்கிற டிஎன்ஏ. தண்ணியில வாழுற எதுவும் சளி, கழிவு, கழட்டிப் போட்ட ஓடுன்னு எதையாவது விட்டுக்கிட்டே இருக்கும், தண்ணிய மொண்டு வடிகட்டி அந்த டிஎன்ஏவைத் தேடுறோம். எங்க வேலை ரெண்டு பக்கம், ஓடையில இந்த நண்டு இன்னும் இருக்கான்னு பாக்கிறது, நீர்த்தேக்கத்துப் பக்கம் இருக்கிற ஆஸ்திரேலிய ரெட்கிளா கிரேஃபிஷ் (பெரிய இறால் மாதிரி இருக்கிற நன்னீர் ஜாதி) மேல ஏறி வந்துடுச்சான்னு பாக்கிறது. மீன் தொட்டிக்கு ஆசையா வாங்கிட்டு அப்புறம் நீர்த்தேக்கத்துல கொண்டுபோய் விடுறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க.

தேசியப் பூங்காக் கழகத்துல அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ள போக முடியும். கீழ்ப்பக்கத்துல ஆரம்பிச்சு மேல மேல போகணும், இல்லன்னா நம்ம கால் கலக்கின சேறு அடுத்த போத்தலுக்கு வந்துடும். ஒவ்வொரு இடத்துலயும் புது கிளவுஸ், மூணு போத்தல், ஒண்ணொண்ணும் ஒரு லிட்டர். அதோட நாலாவதா ஒரு போத்தல், அதுல லேப்லேருந்து கொண்டுபோன சுத்தத் தண்ணி, ஓடைப் பக்கத்துல திறந்து மூடி மத்ததோடயே தூக்கிட்டு வரணும், அதுக்குப் பேரு பிளாங்க், அதுல ஏதாவது டிஎன்ஏ வந்தா ஓடையிலேருந்து இல்ல, வெளியிலேருந்து கலந்துடுச்சுன்னு அர்த்தம். வெயில்லயும் சூட்டுலயும் டிஎன்ஏ சீக்கிரம் சிதைஞ்சிடும், அதனால எல்லாம் உடனே ஐஸ்ல போகும், அன்னைக்கே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டிடணும். மழை பெஞ்ச மறுநாள்னா அரை லிட்டர்லயே ஃபில்டர் அடைச்சுக்கும், பம்ப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

முதல் ரவுண்டு ரெண்டு மாசம் ஓடுச்சு. நண்டுக்கும் கிரேஃபிஷ்க்கும் தனித்தனி க்யூபிசிஆர் (ஒரு உயிரினத்தோட டிஎன்ஏவை மட்டும் சுழற்சி சுழற்சியா பெருக்கி இருக்கான்னு பாக்கிற டெஸ்ட்), மிச்ச டிஎன்ஏவை மீன் எல்லாத்தையும் ஒரே நேரத்துல படிக்கிற 12எஸ் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். வந்த பட்டியல்ல கொடுவா. காட்டுக்குள்ள முழங்கால் அளவு கூட இல்லாத ஓடையில, கடல், கழிமுகம் பக்கம் இருக்கிற கொடுவா எப்படி வரும்? போய் பிளாங்கைப் பாத்தா அதுலயும் கொடுவா. லேப்ல இருக்கிற அக்கா ரொம்ப நேரம் எதுவும் பேசல, அப்புறம் "இந்த ஐஸ் பாக்ஸ் எங்கேருந்தும்மா கொண்டு வந்த?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுது. அம்மா சனிக்கிழமை தேக்கா சந்தையில மீன் வாங்கிட்டு வர்ற பெட்டி. லேப் பெட்டி பத்தலன்னு நல்லா சோப்பு போட்டுக் கழுவித்தான் எடுத்துட்டு வந்தேன், சோப்பு பத்தாது, ப்ளீச்சுல ஊறவெச்சு அலசணும்.

நண்டு டெஸ்ட்ல பிளாங்க் சுத்தமாத்தான் இருந்துச்சு, அதை மட்டும் வெச்சுக்கலாமேன்னு அழுதுக்கிட்டே கேட்டேன். அக்கா ஒத்துக்கல. பெட்டியிலேருந்து கொடுவா போத்தலுக்குள்ள வர முடியும்னா, அதே பெட்டி நீர்த்தேக்கத்துக்கும் போயிருக்கு, அங்க உள்ள கிரேஃபிஷ்ஷும் ஓடை போத்தலுக்குள்ள வர முடியும், அப்ப இல்லாத இடத்துல இருக்குன்னு சொல்லிடுவோம்னாங்க. அவங்க சொன்னது சரி. ரெண்டு மாச சாம்பிளையும் ஒதுக்கி வெச்சோம்.

ரெண்டாவது ரவுண்டுல ஓடைக்கு ஒரு பெட்டி, நீர்த்தேக்கத்துக்கு ஒரு பெட்டி, ஒவ்வொரு தடவையும் பத்து சதவீத ப்ளீச். பிளாங்க் எல்லாம் சுத்தம். ஓடையில கிரேஃபிஷ் சிக்னல் வரல, ஆனா வரலங்கிறதால இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஓடு மூடின இந்த ஜாதிங்க மீன் அளவுக்கு டிஎன்ஏவை உதிர்க்காது. நண்டு ஒரு இடத்துல மூணு போத்தல்லயும் வந்துச்சு, அன்னைக்கு நான் சாப்பிடக்கூட போகல, டெஸ்ட்ல சிக்னல் ஏறுற கர்வை திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தேன். அது உயிரோட இருக்கிற நண்டா செத்ததா, எத்தனை இருக்குன்னு தண்ணி சொல்லாது, அதுக்கு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போறவங்க தனியா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் மேல, இதுவரை நண்டு இருக்குன்னு எங்க குறிப்புல இல்லாத ஒரு இடத்துல, மூணுல ஒரே ஒரு போத்தல்ல மட்டும், அதுவும் 38-ஆவது சுழற்சிக்கு அப்புறம் லேசா ஏறுச்சு, இவ்ளோ தாமதமா ஏறினா டிஎன்ஏ இருந்தாலும் ரொம்பக் கொஞ்சம்தான். அதை இருக்குன்னும் எழுதல, இல்லன்னும் எழுதல. பருவமழை ஓஞ்சதும் பிப்ரவரில அதே இடத்துக்குப் போறோம், மூணுக்குப் பதிலா ஆறு போத்தல், ரெண்டு பிளாங்க்.