ஒரு மைலுக்கு ஒரு வீடு: மினசோட்டா கிராமத்துல ஹாலோவீன்

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இருந்து வந்து இன்னும் பெட்டியக்கூட பிரிக்கல, ஆனா இத இப்பவே எழுதிடணும். அக்டோபர் 31 அன்னைக்கு பசங்க வேஷம் போட்டு, வாளியோட வீடு வீடா போய்க் கதவத் தட்டி மிட்டாய் வாங்குற நாள்தான் ஹாலோவீன். ஹாலோவீன்னா ரத்தம், மண்டையோடு, நியூயார்க்ல ராத்திரி முழுக்க ஆட்டம்னுதான் இங்க ரீல்ஸ் பாத்து எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. நான் பாத்தது வேற. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு மைல் மக்காச்சோளக்காடு கிடக்குற ஊர்ல, நடந்து போய் கதவத் தட்டவே முடியாத இடத்துல, ஒரு குழந்தைகூட வெறும் வாளியோட வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு ஒரு ஊரே ஓடுது பாருங்க, அதப் பாக்கத்தான் போகணும்.

எங்க அக்கா அங்க டாக்டர். எக்ஸ்சேஞ்ச் விசிட்டர் விசால போய் அங்க ட்ரெய்னிங் முடிக்கிற வெளிநாட்டு டாக்டருங்க, சொந்த ஊருக்கு ரெண்டு வருஷம் திரும்பிப் போகாம அங்கயே இருக்கணும்னா, டாக்டர் கிடைக்காத ஏரியால மூணு வருஷம் வேலை பாக்கணும்னு ஒரு வழி இருக்கு. அப்படிப் போனவதான், மூணு வருஷம் முடிஞ்சும் ஊர் புடிச்சுப் போய் அங்கயே தங்கிட்டா. தென்மேற்கு மினசோட்டா, சுத்தி சோளமும் சோயாவும் கரண்ட் எடுக்குற காத்தாடியும்தான். "அக்டோபர் கடைசில வா, வேற எப்பவும் வராத"ன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தா.

போற வழில அனோக்காவ பாக்காம விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மினியாபொலிஸ்க்கு வடக்க, ரம் ஆறு மிசிசிப்பில வந்து சேர்ற இடத்துல இருக்குற ஊர். உலகத்தோட ஹாலோவீன் தலைநகரம்னு தன்னைத்தானே சொல்லிக்கும். சும்மா இல்ல, காரணம் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஹாலோவீன் ராத்திரின்னா இனிப்பு கிடையாது, பயலுக அட்டகாசம்தான். மாட்ட அவுத்து மெயின் ஸ்ட்ரீட்ல விடுறது, கொல்லைப்புற கக்கூஸ கவுத்துப் போடுறது, ஜன்னல் கண்ணாடில சோப்பத் தேய்க்கிறது. போலீஸ வச்சு அடிச்சுத் துரத்தாம, 1920ல ஊர்ப் பெரியவங்க ஒண்ணு சேந்து ஒரு ஊர்வலம் வச்சு, தீ மூட்டி, பாப்கார்னும் கடலையும் மிட்டாயும் சும்மா குடுத்து பசங்கள அந்தப் பக்கம் திருப்பி விட்டாங்க. எவ்வளவு நல்ல யோசனை! ரெண்டாம் உலகப்போர்ல 1942, 1943 ரெண்டு வருஷம் மட்டும் நிறுத்தினாங்களாம். 1937ல பேப்பர் போடுற 12 வயசுப் பையன் ஒருத்தன் முதுகுல ஹாலோவீன் படம் போட்ட ஸ்வெட்டரோட வாஷிங்டன் வரைக்கும் போய் எங்க ஊர்தான் தலைநகரம்னு அறிவிப்பு குடுத்துட்டு வந்தான்னு இன்னைக்கும் பெருமையா சொல்றாங்க.

இப்ப அந்த டிரைவர் கதை. ஏர்போர்ட் பக்கத்து மோட்டல்ல இருந்து அனோக்காவுக்கு 70 டாலர்னு பேசி ஒரு வேன்ல ஏறினேன், 70 டாலரே நமக்கு ஆறாயிரம் ரூபாய், வயிறு எரிஞ்சிட்டுதான் ஏறினேன். இறங்கும்போது ஊர்வலத்துக்கு ரோடு அடைச்சிருக்கான், சுத்தி வந்தேன், 110 குடுங்கறான். ரோடு அடைப்பாங்கன்னு ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும், அதுக்குத்தானே முன்னாடியே ரேட் பேசுறது? நான் குடுக்க மாட்டேன்னு நின்னேன், அவன் பெட்டிய டிக்கில வச்சுகிட்டு தர மாட்டேன்னு நின்னான், பக்கத்துல சூனியக்காரி வேஷத்துல நின்ன ஒரு பாட்டி வந்து "பேசின காசு எவ்வளவு?"ன்னு கேட்டு அவன் முகத்தையே பாத்துட்டு நின்னாங்க, 80க்கு இறங்கி வந்தான். அந்தப் பாட்டி நல்லா இருக்கணும். யார் போனாலும் ரேட்ட மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க, வாய்ப்பேச்ச நம்பாதீங்க.

ஊர்வலம் அக்டோபர் கடைசி சனிக்கிழமை. நம்ம மதுரைல அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின ராத்திரியே பாயப் போட்டு எடம் புடிப்பாங்கல்ல, அதே மாதிரி ரோட்டோரம் பூரா நாற்காலியும் போர்வையும் போட்டு எடம் புடிச்சு வச்சிருக்காங்க, ஒருத்தர் நாற்காலிய இன்னொருத்தர் தொடல. பேண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டி, ஜோடிச்ச டிரக்கு, எலும்புக்கூடு மாட்டின டிராக்டர். நல்லா இருந்துச்சு, ஆனா உண்மையச் சொல்றேன், கூட்டம் ரொம்ப ஜாஸ்தி, சாப்பாட்டு வண்டில எல்லாம் வெலை ரொம்ப ஓவர், ஒரு சூடான ஆப்பிள் சைடரும் டோனட்டும் சேந்து பத்து டாலர தாண்டிடுச்சு. வரலாறு தெரிஞ்சவங்க ஒருதடவை பாக்கலாம்.

அதுக்கப்புறம் அக்கா ஊருக்கு பஸ். அத நெனச்சா இன்னும் கோவம் வருது. பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னது ஒரு பெட்ரோல் பங்க், நிக்க நிழலும் கிடையாது, காத்து அப்படியே எலும்புல ஏறுது, ரெண்டு மணி நேரம் லேட். லேட்டுன்னு ஒரு மெசேஜ் கிடையாது, ஃபோன் போட்டா பாட்டு மட்டும் பாடுது. கடைசில வந்த பஸ்ல ஹீட்டர் டிரைவர் பக்கம் மட்டும்தான் வேலை செய்யுது. இவ்வளவு பணக்கார நாட்டுல கார் இல்லாதவன மனுஷனாவே மதிக்கல. சின்ன ஊருக்குப் போறவங்க யார்கிட்டயாவது காருக்குச் சொல்லி வச்சுட்டுப் போங்க, இல்ல நாலு பேர் சேந்து வாடகைக்கு எடுங்க.

சரி, 31ஆம் தேதிக்கு வர்றேன். மதியமே ஆரம்பம். பள்ளிக்கூடத்துல மதியம் சின்னப் பசங்க எல்லாம் வேஷம் போட்டு வரிசையா மெயின் ஸ்ட்ரீட்ல நடக்குறாங்க. பேங்க்ல ஒரு கிண்ணம், முடி வெட்டுற கடைல ஒரு கிண்ணம், லைப்ரரில, தபால் ஆபீஸ் வாசல்லன்னு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு மிட்டாய் வாங்கிட்டுப் போறாங்க. கடைசியா போய்ச் சேர்றது முதியோர் இல்லத்துக்கு. அங்க தாத்தா பாட்டிங்க எல்லாரும் காரிடார்ல ரெண்டு பக்கமும் வீல்சேர்ல வரிசையா உக்காந்திருக்காங்க, மடில ஆளுக்கொரு கிண்ணம். ஒரு பாட்டிக்குக் கை நடுக்கம், மிட்டாய எடுக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது, டைனோசர் வேஷம் போட்ட ஒரு பொடியன் வாளிய நீட்டிக்கிட்டு அசையாம நிக்கிறான், யாரும் அவசரப்படுத்தல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வேஷம்னு சொன்னேன்ல, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சாயங்காலம் ஆனா குளிர் ஜீரோ டிகிரிய தொடும். அதனால அந்த ஊர் அம்மாக்கள் எல்லாரும் ரெண்டு சைஸ் பெருசா டிரஸ் வாங்குறாங்க, உள்ள பனி ஜாக்கெட் போடணும்ல. எல்லா இளவரசியும் உருண்டையாதான் இருக்காங்க, ஸ்பைடர்மேனுக்குத் தொப்பை. அக்கா பொண்ணு "சித்தி, நான் தேனீ, தேனீ குண்டாதான் இருக்கும்"னு சொல்லி ரொம்ப சந்தோஷமா சுத்துனா. டிரஸ் விலை 40 டாலர், மூணரை ஆயிரம், ஒரு சாயங்காலத்துக்கு! அக்கா போன வருஷத்து டிரஸ்ஸ ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணுக்குக் குடுத்து, அவங்க வீட்டு தேனீ டிரஸ்ஸ வாங்கிட்டு வந்தா. அங்க பாதிப் பேர் இப்படித்தான் மாத்திக்கிறாங்களாம், ரொம்ப சரி.

அஞ்சு மணிக்கு சர்ச் பார்க்கிங்ல ட்ரங்க் ஆர் ட்ரீட். காரெல்லாம் பின்னால திருப்பி நிறுத்தி, டிக்கியத் திறந்து, உள்ள சிலந்தி வலை, வைக்கோல், லைட்டுன்னு ஜோடிச்சு, மிட்டாயோட உக்காந்திருப்பாங்க, பசங்க டிக்கி டிக்கியா போவாங்க. பதினஞ்சு மைல் தள்ளி பண்ணைல இருக்குற குடும்பத்துக்கு இது பெரிய உதவி, ஒரே எடத்துல முடிஞ்சிடுது, வண்டி பயம் இல்ல, அதெல்லாம் நான் ஒத்துக்கறேன். ஆனா எனக்குப் புடிக்கல. இருபது நிமிஷத்துல வாளி நிறைஞ்சிடுச்சு, யார் குழந்தை, என்ன வேஷம்னு நின்னு கேக்குறதுக்குள்ள அடுத்த டிக்கி. கதவு இல்லாத ஹாலோவீன் எனக்கு வேண்டாம்.

ஆனா அதுக்குப் பக்கத்துலயே தீயணைப்பு நிலையத்துல சாப்பாடு போட்டாங்க பாருங்க, அந்தப் பயணத்துலயே நம்பர் ஒன் சாப்பாடு அதுதான். சில்லி, அதாவது பீன்ஸும் தக்காளியும் கறியும் போட்டு மணிக்கணக்கா கொதிக்க வச்ச கெட்டிக் குழம்பு, கூட ஒரு பெரிய சின்னமன் ரோல். காரக்குழம்புக்கு இனிப்பு பன்னான்னு நானும் மொதல்ல யோசிச்சேன், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டுலயே இந்த ஜோடி உண்டாம். ஒரு வாய் சில்லி, ஒரு கடி ரோல், வெளில குளிர் காத்து, அடடா! சில்லில நமக்கு ஏத்த காரம் இல்ல, ஆனா மேசைல மிளகாத்தூள் பாட்டில் வச்சிருந்தாங்க. இதுக்கு விலையே கிடையாது, ஒரு டப்பா இருக்கும், முடிஞ்சத போடணும், அந்தக் காசு தீயணைப்புப் படைக்குப் போகுது. அவங்க எல்லாரும் சம்பளம் இல்லாம வேலை பாக்குற ஊர்க்காரங்க. நான் மனசார பத்து டாலர் போட்டேன். அனோக்கால டோனட்டுக்குக் குடுத்த காசு!

அப்புறம்தான் நெஜமான விஷயம், பண்ணை வீடுங்க. அந்தப் பக்கம் நெலத்த எல்லாம் ஒரு மைலுக்கு ஒரு மைல்னு சதுரமா அளந்து ரோடு போட்டிருக்காங்க, அதுவும் ஜல்லி ரோடு. மாமா வண்டி ஓட்ட, பசங்க பின்னால, ரெண்டு மணி நேரத்துல ஆறே வீடுதான் போக முடிஞ்சுது. டவுன்ல அதே நேரத்துல நாப்பது அம்பது கதவத் தட்டிடலாம். ஆனா இங்க ஒவ்வொரு வீட்டுக்கும் காலைலயே மெசேஜ் போட்டு "வர்றோம்"னு சொல்லியாச்சு. போர்ச் லைட், அதாவது வாசல் லைட், எரிஞ்சா வாங்கன்னு அர்த்தம், அது ரெண்டு மைல் தூரத்துலயே தெரியுது. கதவத் திறந்து மிட்டாய் போட்டு அனுப்புற பேச்சே கிடையாது, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, முகமூடிய பாத்து யாருன்னு கண்டுபுடிக்கிற மாதிரி அஞ்சு நிமிஷம் விளையாடி, ஃபோட்டோ எடுத்து, அப்புறம்தான் பை வருது. ஒரு வீட்டுல ஒவ்வொரு குழந்தை பேரும் எழுதின பை தயாரா இருந்துச்சு. அந்த அம்மாவுக்கு ராத்திரி முழுக்க வரப்போறது மொத்தமே ஒன்பது பசங்க, அதனால எல்லாருக்கும் முழு சைஸ் சாக்லேட், கூட வீட்டுலயே செஞ்ச பாப்கார்ன் உருண்டை.

அந்த உருண்டைய பத்தி சொல்லியே ஆகணும். டவுன்ல இப்பல்லாம் வீட்டுல செஞ்சத யாரும் குடுக்குறதும் இல்ல வாங்குறதும் இல்ல, மிட்டாய்ல விஷம் வச்சிடுவாங்கன்னு 1970கள்ல இருந்தே ஒரு பயம். ஜோயல் பெஸ்ட்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் 1958ல இருந்து வந்த செய்தி எல்லாத்தையும் தோண்டிப் பாத்து, முகம் தெரியாத ஆள் இப்படிக் குடுத்து குழந்தை செத்ததா ஒரு கேஸ்கூட உறுதியாகலன்னு எழுதியிருக்கார். 1974ல டெக்சாஸ்ல செத்த பையனுக்கு விஷம் வச்சது பெத்த அப்பனே. பண்ணைப் பக்கம் அந்தப் பயம் வரல, ஏன்னா கதவத் திறக்குறவங்கள பேரோட தெரியும். உருண்டை கொஞ்சம் வெல்லப்பாகு வாசத்தோட, ஒட்டிக்கிட்டு, பிரமாதம்.

அறுவடை நேரம் வேற. ஒரு வீட்டுல தாத்தா இல்ல, காட்டுல கம்பைன், அதான் அறுவடை மிஷின், ஓட்டிட்டிருக்கார், மழைக்கு முன்னாடி சோளத்த எடுத்தாகணும். பாட்டி எங்களயே காட்டு ஓரத்துக்கு அனுப்பினாங்க. அவ்வளவு பெரிய மிஷின் லைட்டப் போட்டுக்கிட்டு தூசிக்குள்ள இருந்து வந்து வரப்புல நிக்குது, அவர் ஏணி இறங்கி வந்து சட்டைப் பைல இருந்து மூணு ரீசஸ் சாக்லேட் எடுத்துக் குடுத்துட்டு, "1991ல நீங்கள்லாம் பொறக்கல"ன்னு ஆரம்பிச்சார். அந்த வருஷம் ஹாலோவீன் அன்னைக்கு ஆரம்பிச்ச பனி மினியாபொலிஸ் பக்கம் நவம்பர் 3 வரைக்கும் கொட்டி 28 இன்ச்சுக்கு மேல போயிடுச்சு, அப்பவும் பசங்க முழங்கால் பனில நடந்து வந்து கதவத் தட்டினாங்களாம். அக்கா பையன் உடனே "நானும் நடப்பேன்"னான்.

செலவப் பத்திக் கேப்பீங்க. ஃப்ளைட்ட விட்டா எனக்கு அதிகம் போனது அந்த வேன், பஸ், மோட்டல்தான், ஊருக்குள்ள போனப்புறம் காசு எடுக்கவே விட மாட்டாங்க. போற வீட்டுக்கு இங்க இருந்து முறுக்கு, அதிரசம் கொண்டு போங்க, நான் கொண்டு போன கைமுறுக்கு அந்தப் பேர் எழுதுன அம்மா வீட்டுலயே தீந்துடுச்சு. மிட்டாய் மட்டும் ஹாலோவீனுக்கு முன்னாடி வாங்காதீங்க, ஒரு பெரிய பை 20 டாலருக்கு மேல. நவம்பர் 1 காலைல கடை திறந்ததும் போங்க, அதே பை பாதி விலைக்குக் கிடக்கும், ஆபீஸுக்கும் சொந்தக்காரங்களுக்கும் கொண்டு வர வேண்டியத நான் அன்னைக்குத்தான் அள்ளினேன். கேண்டி கார்ன்னு சோளமணி மாதிரி ஒரு மிட்டாய் இருக்கும், அது மட்டும் வேண்டாம், மெழுகு மாதிரி இருக்கு.