மதுரையிலிருந்து 18 மீட்டர் ஆழத்துக்கு

மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் கடலுக்கடியில் நீந்துவது) பயிற்சியை எப்படி முடித்தீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பயிற்சியின் கட்டங்களையும், அதில் ஆழத்துக்கு விதிக்கப்படும் எல்லைகளின் காரணம் எனக்குப் பிடிபட்ட விதத்தையும் அவர்களுக்காக எழுதுகிறேன். நான் முடித்தது பாடி (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைப் பயிற்சி. இதை முடித்தவர் 18 மீட்டர் வரையிலும், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்தவர் 30 மீட்டர் வரையிலும் இறங்கலாம். அதற்குக் கீழே செல்வதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவருக்கும் 40 மீட்டரே எல்லை. பொழுதுபோக்கு ஸ்கூபா அத்துடன் முடிந்துவிடுகிறது.

முதல் வேலை மருத்துவப் படிவத்தை நிரப்புவது. ஆஸ்துமா, காது, சைனஸ், இதயம் தொடர்பான கேள்விகளில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். எனக்குப் பழைய சைனஸ் தொல்லை உண்டு என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். “எங்கே சார் இறங்கப் போகிறீர்கள், வண்டியூர்த் தெப்பக்குளத்திலா?” என்று சிரித்தவர், படிவத்துடன் இணைந்திருந்த மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலை முழுவதும் படித்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதும்போது செவிப்பறை அசைகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட்டார். நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதும் 10 நிமிடம் மிதப்பதும் கட்டாயம் என்பதால், ரேஸ் கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் காலை வேளைகளில் பழகினேன். நேரக் கட்டுப்பாடு கிடையாது. நிதானமாக நீந்தினால் போதும்.

பாடங்களை வீட்டிலிருந்தே படித்தேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 2.8 மடங்கு, 30 மீட்டரில் 4 மடங்கு, 40 மீட்டரில் 5 மடங்கு. சிலிண்டரிலிருந்து வரும் காற்றும் அந்தந்த அழுத்தத்திலேயே வருவதால், கீழே போகப் போக அது வேகமாகத் தீர்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனும் உடலில் கூடுதலாகக் கரைகிறது. அது அளவுக்கு மிஞ்சினால் மேலே வரும்போது ரத்தத்தில் குமிழிகளாக மாறும் என்பதால் நேரத்துக்கும் எல்லை உண்டு. ஓர் ஆழத்தில் இவ்வளவு நிமிடம் வரை இருந்தால் இடைநிறுத்தங்கள் இல்லாமல் நேராக மேலே வரலாம் என்று ஓர் அட்டவணை தரப்பட்டிருந்தது: 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிடக் காற்றுக் கணக்குடன் சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பயன்பட்டது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் 1,800 லிட்டர் மிஞ்சும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 18 மீட்டரில் ஏறத்தாழ 32 நிமிடமும், 30 மீட்டரில் 22 நிமிடமும், 40 மீட்டரில் 18 நிமிடமும் வரும். அதாவது 18 மீட்டரில் நைட்ரஜன் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பாகவே காற்றுமானி நம்மை மேலே போகச் சொல்லிவிடும். 30 மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். 40 மீட்டரிலோ அந்த 1,800 லிட்டரில் பாதி மிச்சமிருக்கும்போதே நேரம் தீர்ந்துவிடும். ஒரு டைவில், அதாவது ஒருமுறை மூழ்கி எழுவதில், இறங்கும், ஏறும் நேரங்களும் உண்டு என்பதால் இது தோராயமான கணக்குதான். ஆனாலும் புதியவரை 18 மீட்டரில் நிறுத்துவதன் நியாயம் இதில் எனக்குத் தெளிவாகிவிட்டது. போதாததற்கு, 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜனே ஒருவகைப் போதையைத் தருகிறது. மானியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மூளை மந்தமாவதும் அதே ஆழத்தில்தான்.

ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. அழுத்தம் இரண்டு மடங்காக உயர்வது முதல் 10 மீட்டருக்குள்தான். காது வலிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் காயப்படலாம் என்று எங்கள் பயிற்சியாளர் குளத்தில் நின்றபடியே சொன்னார். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்தும் பயிற்சியில், எடுத்திருக்கும் நேரம் முழுவதும் சிறுசிறு குமிழிகளாக மூச்சை விடச் செய்தது அதற்காகத்தான்.

கடல் பயிற்சிக்குப் புதுச்சேரி சென்றோம். நான்கு டைவ்களில் முதல் இரண்டுக்கு 12 மீட்டரும், அடுத்த இரண்டுக்கு 18 மீட்டரும் எல்லை. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது ஓரிரு மீட்டருக்கு ஒருமுறை காதைச் சமன் செய்ய வேண்டியிருந்தது. வலித்த பிறகு ஊதிப் பயனில்லை. சற்று மேலே ஏறி மீண்டும் முயல வேண்டும். முடிவில் கூடுதல் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு மேலே வந்தோம். என் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறினால் ஒலி எழுப்பும். மேலே வரும் அவசரம் நமக்குத் தெரியாமலே வந்துவிடுகிறது என்பதால், அந்த ஒலி எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தவருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஊர் திரும்பும் வழியைப் பற்றி. குடும்பத்தினர் புதுச்சேரியிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாக அன்றிரவே கொடைக்கானலுக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தார்கள். பயிற்சியாளர் அதைக் கேட்டதும் மறுத்துவிட்டார். ஒரே ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரமும், அடுத்தடுத்த டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்ற விதி மலைப்பாதைக்கும் பொருந்தும். 600 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே அதைக் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. “தண்ணீரை விட்டுத்தான் வெளியே வந்தாயிற்றே, இனி என்ன?” என்று கேட்ட பெரியப்பாவுக்கு, கோலி சோடாவை உடைத்ததும் பொங்குவதைச் சொன்ன பிறகுதான் ரத்தத்தில் குமிழி வருவது புரிந்தது. மதுரை அவ்வளவு உயரத்தில் இல்லை, வழியிலும் மலை ஏற வேண்டியதில்லை. ஆகவே நேராக வீட்டுக்கு வந்து உறங்கினோம். என் கடைசி டைவ் முற்பகல் 11 மணிக்கு முடிந்திருந்ததால் 18 மணி நேரக் கெடு அதிகாலை 5 மணிக்கு முடிந்தது. அதற்குப் பிறகு காலைப் பலகாரத்தை முடித்துவிட்டே வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம்.