நீச்சல் போட்டியை நேரில் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன்…

எந்த மாலையில் பதக்கம் அதிகமோ அந்த மாலைக்கு டிக்கெட். பலர் போடும் கணக்கு இதுதான். பல நேரம் இது காலை வாரிவிடும். 2025-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 200 மீட்டர் தனிநபர் மெட்லேயில் (நான்கு நீச்சல் பாணியையும் ஒருவரே நீந்துவது) ரயன் லாக்டி 2011-ல் வைத்த 1:54.00 என்ற உலக சாதனையை, பிரான்ஸின் லியோன் மர்ஷான் 1:52.69-ல் நீந்தி நொறுக்கினார். நடந்தது ஜூலை 30 மாலை, அரையிறுதியில். மறுநாள் ஃபைனலில் தங்கம் வாங்கியபோது அவருடைய நேரம் 1:53.68. ஃபைனலுக்கு மட்டும் வந்தவர்கள் அந்த ஒரு நொடியைத் தவறவிட்டார்கள்.

அந்தப் போட்டியில் காலை 10 மணிக்கு ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), மாலை 7 மணிக்கு அரையிறுதியும் ஃபைனலும். 50, 100, 200 மீட்டருக்கு மூன்று கட்டம்: ஹீட்ஸிலிருந்து 16 பேர், அரையிறுதியிலிருந்து 8 பேர். 400-க்கும் அதற்கு மேலும் அரையிறுதி கிடையாது. ஹீட்ஸில் முதல் எட்டுக்குள் வராவிட்டால் எவ்வளவு பெரிய பெயரானாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் 400 மீட்டர் ஹீட்ஸ் உள்ள காலை எனக்கு மிகவும் பிடித்தது. டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு.

ஹீட்ஸுக்குப் போகிறவர்கள் முந்தைய இரவே ஸ்டார்ட் லிஸ்டை (யார் எந்த ஹீட்டில், எந்த லேனில் என்ற பட்டியல்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் போன்ற பிரிவுகளில் பத்து ஹீட்டுக்கு மேல் போகும். முதல் சில ஹீட்டில் சின்ன நாடுகளின் வீரர்கள் இருப்பார்கள். வேகமானவர்களைக் கடைசி மூன்று ஹீட்டில் பிரித்துப் போடுவார்கள் (400-லும் அதற்கு மேலும் கடைசி இரண்டில்). ஒவ்வொரு ஹீட்டிலும் அதிக வேகமானவருக்கு லேன் 4, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. இந்த வரிசை தெரிந்தால் ஓரத்து லேன்களின் சுவாரஸ்யம் புரியும். லேன் 1-லோ 8-லோ நீந்துபவர் கடைசி இடத்தில் தப்பிப் பிழைத்து ஃபைனலுக்கு வந்தவர். இழக்க ஒன்றுமில்லாததால் முதல் 50 மீட்டரிலேயே விளாசுவார். நடு லேன்காரர்களின் கண்ணில் அவர் படவும் மாட்டார்.

இருக்கை விஷயத்தில் பணத்தை வீணடிப்பவர்கள்தான் அதிகம். விலை கூடிய முன்வரிசையில் தண்ணீர்த் திவலை தெரியும், முகம் தெரியும். யார் முன்னே போகிறார் என்பது தெரியாது. விளக்கு வெளிச்சம் நீரில் பட்டுக் கூசும், நீருக்கடியில் நடப்பது மறைந்துபோகும். அங்கேதான் பாதி ரேஸ் நடக்கிறது! கிளம்பிய பின்னும் ஒவ்வொரு திரும்பலிலும் ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளைக்காரர்கள் 15 மீட்டர் வரை மூழ்கியபடியே டால்ஃபின் கிக் (இரு காலையும் சேர்த்து உதைப்பது) அடிக்கலாம். மர்ஷான் எதிரிகளை விட்டு விலகுவது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான். மேல்வரிசையிலிருந்து பார்த்தால் நீலத் தரையின் மேல் நிழல் போல அது பளிச்சென்று தெரியும்.

நீளவாட்டில் எங்கே உட்காரலாம்? முடிவுச் சுவருக்கு நேராகவோ, அதிலிருந்து பத்து மீட்டருக்குள்ளோ. குளத்தின் நடுவில் உட்கார்ந்தால், சுவரை நெருங்கும்போது உங்களுக்குப் பக்கத்து லேன்காரர்தான் முந்துவதாகத் தோன்றும். அது கோணம் செய்யும் மாயம். அங்கேதான் இடம் கிடைத்தது என்றால் லேன் கயிற்றைப் பாருங்கள். இரு முனையிலும் 5 மீட்டருக்குச் சிவப்பு மிதவை, 15 மீட்டரிலும் 25 மீட்டரிலும் வேறு நிற மிதவை இருக்கும். தலை அந்த நிறத்தைத் தாண்டும் வரிசையை வைத்து முன்னிலையைச் சொல்லிவிடலாம். கயிறுகளின் நிறமும் உதவும்: நடுவில் மஞ்சள், அதற்கு வெளியே நீலம், ஓரத்தில் பச்சை. 50 மீட்டர் ரேஸ் மட்டும் எதிர்முனையில் தொடங்கி வழக்கமான சுவரில் முடியும்.

சத்தம் எப்போது போடலாம் என்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். விட்டு விட்டுச் சிறு விசில்கள் வந்தால் தயாராகச் சொல்கிறார்கள். நீண்ட விசில் ஒன்று வந்தால் பிளாக் (பாய்ந்து கிளம்பும் மேடை) மேல் ஏறுவார்கள்; பேக்ஸ்ட்ரோக் என்றால் நீரில் இறங்குவார்கள், இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வருவார்கள். அந்த நொடியிலிருந்து பீப் ஒலிக்கும் வரை அரங்கம் மூச்சு விடக்கூடாது. கூட்டத்திலிருந்து ஒரு கத்தல் வந்தாலும் வீரர் அசையலாம், ஸ்டார்ட்டர் எல்லாரையும் எழுப்பி நிறுத்த வேண்டிவரும். கேமரா ஃபிளாஷுக்கும் அங்கே இடமில்லை.

ஸ்கோர்போர்டில் முதலில் வரும் சின்ன எண் ரியாக்ஷன் டைம் (பீப் ஒலித்ததிலிருந்து பிளாக்கை விட எடுத்த நேரம்), 0.60-க்கும் 0.70-க்கும் நடுவில் இருந்தால் சாதாரணம். முடிவு நூறில் ஒரு நொடி வரைதான். ஆயிரத்தில் ஒன்று வரை ஏன் பார்ப்பதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நொடிக்கு 2 மீட்டர் நீந்துபவருக்கு அது 2 மில்லிமீட்டர். எல்லா லேனும் அந்த அளவுக்குத் துல்லியமாக ஒரே நீளம் என்று எந்தக் குளத்தையும் நம்ப முடியாது. 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், லெ க்ளோ, செஹ் மூவரும் 51.14-ல் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்தது இப்படித்தான். பெயருக்கு எதிரே இடம் வந்ததும் குதித்துவிடாதீர்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொடாவிட்டால் தகுதிநீக்கம், அந்த அறிவிப்பு தாமதமாகத்தான் வரும்.

ரிலேயில் கவனிக்க வேண்டியது கைமாற்றம். உள்ளே வருபவர் சுவரைத் தொடுவதற்கும் அடுத்தவர் கால் பிளாக்கை விடுவதற்கும் உள்ள இடைவெளியைப் போர்டு காட்டும். 0.03 நொடி வரை முந்தினால் கருவி மன்னிக்கும். அதற்கு மேல் போனால் அணியே அவுட். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்களின் நேரத்தைத் தனிநபர் நேரத்தோடு ஒப்பிட்டு வியக்காதீர்கள். அவர்கள் பாய்ந்து கிளம்புவதிலேயே அரை நொடிக்கு மேல் மிச்சம். தனிநபர் சாதனைக்கு முதல் ஆளின் நேரம் மட்டுமே செல்லும். காலையில் ரிலே நீந்துபவர்களையும் பார்த்து வையுங்கள், பதக்கம் அவர்களுக்கும் உண்டு. சிங்கப்பூரில் 12 வயது யூ ஸிடி வெண்கலம் பெற்றது 4×200 ரிலே ஹீட்ஸில் நீந்தியதற்காகத்தான்.

800 மீட்டர் வந்தால் காபி வாங்க எழுந்து போகிறவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் சிங்கப்பூரில் பெண்கள் 800 ஃபைனலில் லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டாஷ் 8:07.29. எட்டு நிமிடம் ஓடிய ரேஸில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 0.36 நொடி! நீண்ட ரேஸில் ஒவ்வொரு 50 மீட்டரின் நேரத்தையும் குறித்து வாருங்கள். ஒருவர் நேரம் 30.4, 30.5, 30.9 என்று ஏறத் தொடங்கினால் களைப்பு வந்துவிட்டது. தண்ணீரில் தெரிவதற்கு முன்பே தாளில் தெரிந்துவிடும்.

உள்ளரங்கக் குளங்களில் புழுக்கம் இருக்கும், பருத்திச் சட்டை நல்லது. ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்த கேமரா லென்ஸ் பனி மூடிக்கொள்ளும். பைக்குள் வைத்தே கால் மணி நேரம் விடுங்கள், துடைக்காதீர்கள்.

கடைசி ரேஸ் முடிந்ததும் ஓடிவிடவும் வேண்டாம். எட்டாவது அல்லது பதினாறாவது இடத்துக்கு இருவர் சமமாக வந்திருந்தால் ஸ்விம்-ஆஃப் உண்டு, அதாவது அவர்களுக்குள் மட்டும் மறுபடி ஒரு ரேஸ். பெரும்பாலும் அமர்வின் கடைசியில், பாதி காலியான அரங்கில் நடக்கும். சிங்கப்பூரில் போட்டி நடந்த கலாங்கில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஸ்டேடியம் ரயில் நிலையத்துக் கூட்டமும் கொஞ்சம் வடிந்திருக்கும். சர்க்கிள் லைனில் ப்ராமனாட், அங்கே டவுன்டவுன் லைனுக்கு மாறி மூன்றாவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. இரவு இட்லிக்கு அதுதான் வழி. அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2027-ல் புடாபெஸ்ட்டில். அங்கே இட்லிக்கு உத்தரவாதம் இல்லை.