விடத்தல் நிழலில் பதினேழு வீரைகள்

ஒக்டோபர் 4
மண் வழிக்கும் பெக்கோ இயந்திரத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். மாரி தொடங்குமுன் வளவைத் துப்புரவாக்கிவிட வேண்டுமாம்.

ஒக்டோபர் 5
மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், மாலைவரை வளவிலேயே இருந்தேன். 1990 ஆனியில் நாங்கள் விட்டுப்போன நிலத்தை முதலில் இலுக்குப் புல்லும், பின்னர் நாயுண்ணியும் விடத்தலும் மூடிய கதையை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அந்த விடத்தல் பற்றைக்குள் குனிந்து பார்த்தால், வெயிலை நம்பி வளரும் விடத்தலின் கன்று ஒன்றுகூட அதன் நிழலில் இல்லை. நிழலைத் தாங்கும் வீரைக் கன்றுகளே நிற்கின்றன. பற்றை தன் பிள்ளைகளுக்கு உதவாத நிழலை வேறொரு மரத்தின் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. போன ஆண்டு பத்து மீற்றர் சதுரத்துக்குள் சிவப்பு நூல் கட்டிவிட்ட 41 கன்றுகளில் 17 உயிரோடு இருக்கின்றன. இளமையில் பெரும்பகுதி மடிவதும், தப்பிய சில நெடுங்காலம் வாழ்வதும் காட்டு மரங்களின் குடித்தொகை வழக்கம் என்று எத்தனையோ வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். அறுந்து கிடந்த நூல்களைப் பொறுக்கும்போது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒக்டோபர் 6
"காடு எண்டா காடுதானே புள்ள, அதில எண்ணுறதுக்கு என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

ஒக்டோபர் 9
நித்திரை வரவில்லை. 1883இல் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரக்கத்தோவா வெடித்து ஒன்பது மாதங்களின் பின் அங்கே இறங்கியவர்கள் கண்ட உயிர் ஒரேயொரு சிறு சிலந்திதான். 1886இல் சென்ற தாவரவியலாளர் பாசிகளையும் பன்னங்களையும் கண்டார். சூடான சாம்பல் பழைய மண்ணைப் புதைத்துவிட்டதால், அங்கே எல்லாம் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் வளவில் அப்படியில்லை. மனிதர் போனாலும் மண் இருந்தது; மண்ணுக்குள் வேர்க்கட்டைகளும் உறங்கும் விதைகளும் பூஞ்சண இழைகளும் இருந்தன. மண்ணே இல்லாத இடத்தில் தாவரங்கள் படிப்படியாக வந்தேறும் முதல்நிலை வழிமுறை வளர்ச்சிக்கும், மண் மிஞ்சிய இடத்தில் அவை மீண்டும் வரும் இரண்டாம்நிலை வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அந்த மண்தான். பெக்கோ மரத்தை மட்டும் பிடுங்குவதில்லை, மேல்மண்ணையும் வழித்து எல்லையோரம் குவித்துவிடும். கத்தியால் வெட்டினால் கட்டை மீண்டும் துளிர்க்கும். வழித்தெடுத்தால் என்ன மிஞ்சும்? இதை நாளைக்குத் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 10
சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான், பதில் சொல்லவில்லை. கஜு நட்டால் நாலைந்து வருடத்தில் காய்க்கும், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீரையால் என்ன வருமானம் என்று அவன் கேட்காமல் விட்டதற்கு நன்றியுடன் இருக்கிறேன்.

ஒக்டோபர் 17
இரவு முழுவதும் மழை.

ஒக்டோபர் 18
வெப்பநிலையையும் மழையையும் இரு அச்சுகளில் வைத்து, பாலைவனம், புல்வெளி, மழைக்காடு என்று உலகத்தின் பெருவலயங்களைப் பிரித்துக் காட்டும், சூழலியலாளர் விட்டேக்கரின் வரைபடத்தை இன்று மாணவருக்கு வரைந்தேன். மட்டக்களப்பை அதில் குறித்தால், அது பருவமழைக் காட்டின் பகுதியில் விழுகிறது. ஆனால் எங்கள் வேலிக்கு அப்பால், அதே ஆண்டில் கைவிடப்பட்டு, அதே மழையில் நனையும் வளவு இன்றும் இலுக்காகவே கிடக்கிறது. மாடுகளுக்கு இளம்புல் வேண்டுமென்று கோடைதோறும் அதற்குத் தீ வைக்கிறார்கள். கன்றுகள் எரிந்துபோகின்றன, இலுக்கு மட்டும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து மீண்டும் கிளம்புகிறது. காலநிலை காட்டுக்கு இடம் கொடுக்கலாம், காடு வந்தே தீரும் என்று அது உறுதி சொல்வதில்லை. ஒவ்வொரு நிலமும் தன் காலநிலைக்குரிய ஒரே முடிவை நோக்கி நடக்கிறது என்றார் தாவரச் சூழலியலாளர் கிளெமென்ட்ஸ். ஒவ்வொரு இனமும் தன் வாய்ப்பின்படி தனித்தனியே வந்து சேர்கிறது என்று 1926இல் இன்னொரு சூழலியலாளரான கிளீசன் மறுத்தார். வேலியின் இரு பக்கத்தையும் பார்த்த எனக்குக் கிளீசன் சொன்னதே சரியாகப் படுகிறது. அப்படியானால் இந்த 17 வீரைகளும் தவறாமல் நிகழ வேண்டியவை அல்ல. இன்னொரு முறை வராமலும் போகலாம்.

ஒக்டோபர் 24
வேலி முறிந்து கிடந்தது. யானை இலத்திக்குள் விளாங்கொட்டைகள், சிலவற்றில் முளை. நூல் கட்டிய சதுரத்துக்குள் அது மிதிக்கவில்லை.

ஒக்டோபர் 29
ஒரு செடியும் இல்லாத தீவில் அந்தச் சிலந்தி எதைப் பிடிக்க வலை பின்னியது?

நவம்பர் 2
வயல் வழி முழங்காலளவு சேறு. பெக்கோ இறங்காதாம். மழையை இவ்வளவு ஆசையோடு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நவம்பர் 5
17இல் 12 கன்றுகள், குசினி இருந்த இடத்தின் பின்னால் நிற்கும் பழைய மாவின் கிளைகளுக்குக் கீழேதான் நிற்கின்றன. பழம் தின்ற பறவைகள் அதில் வந்திருந்து எச்சமிட, விதை அங்கே விழுந்திருக்கிறது. வெறும் புல்வெளியில் பறவை தங்குவதற்கு என்ன இருக்கிறது? அம்மம்மா வைத்த மரம் காட்டை அழைத்து வந்திருக்கிறது. மாவையும் அதைச் சுற்றிப் பத்துப் பாகத் தூரத்தையும் மட்டும் தொட வேண்டாம் என்று தம்பியிடம் கேட்டேன்.

"பார்ப்பம் அக்கா" என்றான்.

நவம்பர் 9
வெயில்.

நவம்பர் 11
இன்றும் வெயில். வயல் வழியில் உழவு இயந்திரம் ஒன்று புதையாமல் போனதாக அம்மா சொல்கிறார்.