30031
பள்ளியை விட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, எந்தத் தேர்வுக்காகவும் அல்லாமல், என் மகிழ்ச்சிக்காகவே மீண்டும் கணக்கு நோட்டைத் திறந்திருக்கிறேன். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நிறுவிய முறையை இந்த வாரம் படித்தேன். கையிலுள்ள பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று வருவதால், அந்தப் புதிய எண்ணை வகுக்கும், பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் இருந்தே தீர வேண்டும்.

அப்படிக் கிடைக்கும் எண்ணே பகா எண்ணாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டி வந்த 30031-ஐ, இரவு அடுக்களை வேலை முடிந்தபின் உட்கார்ந்து ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனபோது, 59-ஆல் அது மீதியின்றி வகுபட்டது. ஈவு 509, அதுவும் பகா எண். இரண்டுமே என் பட்டியலில் இல்லாதவை. அந்த நொடியில் கண் கலங்கிவிட்டது.

நாளை, 2-இன் வர்க்கமூலத்தைப் பின்னமாக ஏன் எழுத முடியாது என்பதைத் தொடங்குகிறேன்.