அலாஸ்கா கப்பல் அறையில் தொங்கு பைகள்: எங்கே மாட்டுவது, எதை வைப்பது

சொகுசுக் கப்பலின் உட்புற அறைகள் பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடிக்குள் அடங்கிவிடும். குளியலறை, கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட வேண்டும். இரண்டு பேர் தங்கினால் அந்த இடம் தாராளமாகவே தோன்றும். மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் சுவரிலிருந்து இறங்கும் மடக்குக் கட்டில்களில் படுக்கத் தொடங்கும்போதுதான், யாருடைய சாமானை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு நான் கண்ட மிக நல்ல விடை, கடைகளில் ஹேங்கிங் ஆர்கனைசர் என்ற பெயரில் கிடைக்கும் தொங்கு பைகள். அவற்றின் விலை அதிகமில்லை, சுருட்டினால் பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும், எடையும் குறைவு. எனினும் அவற்றை எதில் மாட்டுகிறோம், எதை அவற்றில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அவை உதவியாகவோ தொல்லையாகவோ அமைகின்றன.

என் கணவர், மாமியார், மகன், நான் என நால்வரும் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குச் செல்லும் ஏழு இரவுப் பயணத்தில் ஒரே அறையில் தங்கினோம். கரீபியன் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சில பருத்தி உடைகளும் நீச்சல் உடையும் போதும். அலாஸ்காவில் நடுக்கோடையிலும் உள்ளே ஒன்று, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காக உடுத்த வேண்டியிருக்கிறது. கப்பல்கள் வழக்கமாக நிற்கும் கெச்சிகன் ஊரில் ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கே கரையிறங்கித் திரும்பும் ஒவ்வொருவரும் நனைந்த மேலாடை, நனைந்த தொப்பி, நனைந்த கையுறையுடன்தான் அறைக்குள் நுழைகிறார்கள். நால்வர் என்றால் எட்டுக் கையுறைகள், நான்கு தொப்பிகள், மழைக்கோட்டுகள், பைனாகுலர், குடைகள். பெரிய உடைகளுக்கு அலமாரியும் பெட்டிகளுக்குக் கட்டிலின் அடிப்பகுதியும் இருக்கின்றன. திண்டாட வைப்பவை இந்தச் சிறு பொருள்கள்தாம்.

இதன் முழு அழுத்தத்தையும் அலாஸ்காவின் பனியாற்று விரிகுடா (கிளேசியர் பே) தேசியப் பூங்காவில் கழிக்கும் நாளில் உணரலாம். அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. உள்ளே போகும் கப்பல் எங்கும் கரை சேர்வதில்லை. பூங்கா வனக்காவலர்கள் கப்பலுக்கே ஏறிவந்து விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முகப்பில் கப்பல் மெல்லத் திரும்பி நிற்கும்போது எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள், குளிர் தாங்காமல் அறைக்குத் திரும்புவார்கள், பனிப்பாறை உடைந்து விழும் முழக்கம் கேட்டதும் மறுபடி ஓடுவார்கள். அன்று முழுவதும் கையுறையையும் தொப்பியையும் போடுவதும் கழற்றுவதுமாகவே பொழுது போகும். ஒரு கையுறையைத் தேடி இரண்டு நிமிடம் நின்றால், மேலே பனி உடைந்து விழும் காட்சியைத் தவறவிட நேரும். தொங்கு பையின் அருமை எனக்கு அன்றுதான் முழுமையாகத் தெரிந்தது.

எங்கள் அறையில் மிகவும் பயன்பட்டது, வீடுகளில் கதவின் பின்னால் காலணி வைப்பதற்கென்று விற்கும், 24 பைகள் கொண்ட ஒளிபுகும் வகை. வரிசைக்கு நான்கு பை வீதம் ஆறு வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு பையிலும் உள்ளே இருப்பது வெளியே தெரிவதால் எதையும் கொட்டித் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான குறிப்புகள் மருந்துக்கு ஒரு பை, பூச்சுகளுக்கு ஒரு பை, மின்கம்பிகளுக்கு ஒரு பை என்று பொருள்வாரியாகப் பிரிக்கச் சொல்கின்றன. பலர் தங்கும் அறைக்கு அந்த முறை பொருந்தாது என்பதே என் முடிவு. ஆளுக்கு ஒரு வரிசை என்று ஒதுக்கிவிட வேண்டும். என் மாமியாருக்கு அவருடைய கண்ணுக்கு நேரான வரிசையைக் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடி, நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, தைல டப்பா, கம்பளிக் காலுறை ஆகியவை அதில் இருந்தன. மகனுக்குக் கீழிருந்து இரண்டாவது வரிசை, ஏனென்றால் அவன் கைக்கு எட்டுவது அதுதான். மீதமிருந்த இரண்டு வரிசைகளில் பொதுவானவற்றை வைத்தோம்: கடல் ஒவ்வாமை மாத்திரை, வெயில் பூச்சு, பேட்டரிகள், துறைமுக வரைபடங்கள்.

"அத்தை, உங்கள் கண்ணாடி இடது ஓரத்துப் பையில்" என்று ஒரே ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு பயணம் முடியும்வரை அவர் இரவில் விளக்கைப் போட்டு எங்களை எழுப்பவே இல்லை. கதவைத் தொட்டு, ஓரத்தைத் தடவி, தானே எடுத்துக்கொண்டார். சன்னல் இல்லாத உட்புற அறையில் விளக்கை அணைத்தால் பகலிலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதைக் கருதும்போது, கையால் தடவி எடுக்கக்கூடிய நிலையான இடம் ஒன்று முதியவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை அழுத்திச் சொல்லவே விரும்புகிறேன்.

இந்தப் பையை எந்தக் கதவில் மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. பலர் அறையின் நுழைவாயில் கதவில் மாட்டுகிறார்கள், அது வேண்டாம். கப்பலில் நுழைவாயில் கதவு என்பது தீத்தடுப்புக் கதவு. நடைபாதையில் தீயோ புகையோ பரவினால் அது தானாக மூடிக்கொண்டு சட்டத்தோடு பொருந்தி நிற்க வேண்டும். அதன் மேல் விளிம்பில் ஒரு உலோகக் கொக்கியைச் செருகினால் கதவு முழுமையாக மூடாமல் போகலாம். கதவின் வண்ணமும் கீறப்படும். அறையின் உள்ளே இருக்கும் குளியலறைக் கதவுதான் ஏற்ற இடம். அதிலும் குளியலறையின் உட்பக்கம் மாட்டினால் வெந்நீர் ஆவியில் எல்லாம் பிசுபிசுத்துப்போகும், ஒருவர் குளிக்கும் நேரத்தில் மற்ற மூவருக்கும் தங்கள் பொருள் எதுவும் கிடைக்காது. அறையை நோக்கிய வெளிப்பக்கமே சரியானது. கொக்கிகள் தகடுபோல் மெல்லியவையாக இருக்க வேண்டும். தடித்த கம்பிக் கொக்கி போட்டால் அந்தக் கதவும் மூடாது. கதவில் கொக்கி மாட்டுவதையே விரும்பாத நிறுவனங்களும் உண்டு என்பதால், புறப்படும் முன் உங்கள் கப்பலின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

கதவை விட்டால் சுவர் இருக்கிறது. கப்பல் அறைச் சுவர்களில் பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டும் என்பது முதன்முறை செல்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பார்வைக்கு மரம்போலவோ சுவர்த்தாள் ஒட்டியதுபோலவோ தெரிந்தாலும், அந்தச் சுவர் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாறைக் கம்பளியை (பாறையை உருக்கி இழையாக்கிய, தீப்பிடிக்காத பொருள்) அடைத்துச் செய்த பலகை. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது; அதன்மேல் அலங்காரப் படலம் ஒட்டப்பட்டிருக்கும். தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இத்தகைய அறைகளைத் தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டி, கப்பலின் கூட்டுக்குள் அப்படியே நகர்த்திப் பொருத்துகிறார்கள்; பின்லாந்தின் பீக்கியோவில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஆணி, ஒட்டுநாடா, பசைக் கொக்கி போன்றவற்றை இந்தச் சுவர்களில் பயன்படுத்தக் கூடாது. காந்தக் கொக்கி மட்டுமே தடம் விடாமல் வேலையை முடிக்கும். பெரிய அறைகளில் சில சுவர்களுக்குக் கண்ணாடியோ மரமோ பதித்திருப்பார்கள். அங்கே காந்தம் ஒட்டாது.

காந்தக் கொக்கி வாங்கும்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் எடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்துக் கிலோ தாங்கும் என்றால், தடித்த எஃகுப் பலகையில் ஒட்டி நேர் எதிராக இழுத்துச் சோதித்த கணக்கு அது. சுவரில் மாட்டும்போது எடை கீழ்நோக்கி இழுப்பதால் காந்தம் பிடுங்கிக்கொள்வதில்லை, மெல்ல வழுக்கி இறங்குகிறது. தகடு மெல்லியதாகவும் நடுவில் படலமும் இருப்பதால் பிடிப்பு மேலும் குறைகிறது. குறிப்பிட்ட எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அடிப்பகுதியில் ரப்பர் பூசியவை வழுக்காமல் நிற்கும், சுவரையும் கீறா. நனைந்த மழைக்கோட்டு ஒன்றுக்கு இரண்டு கொக்கிகள் என்று நாங்கள் பகிர்ந்து மாட்டினோம். அவை ஒருமுறையும் விழவில்லை. இந்தக் காந்தங்கள் வலுவானவை என்பதால், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்க வேண்டும். சிறு குழந்தைகள் விழுங்கிவிடும் அளவுள்ள காந்தங்களை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். காந்தப் பட்டை உள்ள அட்டைகளையும் அவற்றின் அருகே வைக்காதீர்கள்.

நனைந்த பொருள்களுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் பை உதவாது. காற்று புகாமல் மறுநாள் காலையில் கையுறை நாற்றமெடுக்கும். அவற்றுக்கு வலைத்துணியால் ஆன தொங்கு பை தனியாக வேண்டும். அதைக் குளிர்சாதனக் காற்று வரும் திசையில், ஆனால் காற்றுத் துளையை மறைக்காத இடத்தில் மாட்டினோம். மாலையில் பிழிந்து போட்ட கம்பளிக் கையுறைகள் விடிவதற்குள் உலர்ந்திருந்தன.

அலமாரித் தண்டில் வெல்க்ரோ பட்டையால் மாட்டும் துணி அடுக்குகளைப் பலர் புகழ்வதுண்டு. எனக்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கப்பல் அலமாரியின் தண்டு குட்டையானது. பழைய கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளும் அந்த அலமாரிக்குள்ளேயே இருக்கும். அடுக்குப் பை பாதித் தண்டை விழுங்கிவிட்டால் கோட்டுகளுக்கு இடம் இல்லாமல் போகிறது. தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கு, பெட்டியில் மடித்து வைத்ததை அப்படியே தூக்கி மாட்டிவிடலாம் என்ற வசதி இதில் உண்டு. நான்கு பேருக்கு அது கட்டுப்படியாகாது. குளியலறையில் மாட்டும் கொக்கி வைத்த ஜிப் பை வேறு. கைகழுவும் தொட்டியைச் சுற்றி ஒரு சோப்புப் பெட்டி வைக்கவும் இடமில்லாத அந்தக் குளியலறையில் ஆளுக்கு ஒன்று இருந்தாலும் மிகையில்லை.

கப்பல் ஆடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்களில் பல, வான்கூவர் தீவின் வெளிப்புறமாகத் திறந்த பசிபிக் கடலில் செல்கின்றன. அந்த இரவில் தொங்குவதெல்லாம் ஊசலாடும்; பையின் கீழ்முனை கதவில் தட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கும் உறக்கம் வராது. கீழ் ஓரங்கள் இரண்டிலும் ஒவ்வொரு காந்தத்தைப் பையின் மேல் அழுத்தி வைத்தால், கதவு எஃகாக இருக்கும்பட்சத்தில், ஆட்டம் நின்றுவிடும். கனமானவற்றைக் கீழ் வரிசைகளில் வைப்பதும் உதவும். கண்ணாடிப் புட்டிகளுக்குத் தொங்கு பையில் இடமே இல்லை.

மாட்டக் கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். கூரையில் நீர் தெளிப்பான்கள் இருக்கும். அவற்றின் நடுவில் நிறத் திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் தெரியும். வெப்பத்தில் அந்தக் குமிழ் வெடித்தால்தான் தண்ணீர் கொட்டும். ஹேங்கரை அதில் மாட்டிக் குமிழ் உடைந்தாலும் அதே வேகத்தில் தண்ணீர் கொட்டி அறை முழுவதும் நனைந்துவிடும். பால்கனி உள்ள அறை எடுத்தவர்கள் துணிகளையும் பைகளையும் அங்கே தொங்கவிட ஆசைப்படுவார்கள். 2006 மார்ச் 23 அன்று, ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ அடுத்தடுத்த பால்கனிகளுக்குத் தாவி அறைகளை எரித்தது. ஒரு பயணி புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தார். அணைக்கப்படாத சிகரெட் ஒன்று காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. அதன்பிறகு பால்கனியில் உள்ள பொருள்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. மேல்தளத்திலிருந்து பறந்து வரும் ஒரு நெருப்புத் துளிக்குத் துணிப் பை மிக எளிய இரை. இதே காரணத்தால், பவர் பேங்கையும் கைப்பேசியையும் தொங்கு பைக்குள் வைத்துக்கொண்டே மின்னேற்றுவதும் கூடாது. அவற்றைக் கண்ணெதிரே மேசைமேல் வைத்து ஏற்றிவிட்டு, கம்பிகளை மட்டும் பையில் வையுங்கள்.

கடைசி இரவில் பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது பெரும்பாலான கப்பல்களின் வழக்கம். காலையில் தேவைப்படும் மருந்து, பல்துலக்கி, கடவுச்சீட்டு, மாற்றுடை ஆகியவை அறையிலேயே இருக்க வேண்டும். அன்று மாலை எல்லாப் பைகளையும் காலிசெய்து, மேல் இரண்டு வரிசைகளில் மட்டும் மறுநாள் காலைக்கு வேண்டியவற்றை நிரப்பினோம். காலையில் அவற்றைத் தோள்பையில் மாற்றிக்கொண்டு, தொங்கு பையைச் சுருட்டிக் கட்டினோம். ஒளிபுகும் பை என்பதால் எதுவும் தங்கிவிட்டதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. வலைப் பையையும் குளியலறை ஜிப் பையையும் மட்டும் கைவிட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். சுவரின் நிறத்திலேயே இருக்கும் வெள்ளைக் காந்தங்களைப் பலர் மறந்து விட்டுவிடுகிறார்கள். வாங்கும்போதே சிவப்பு, நீலம் என்று கண்ணில் படும் நிறத்தில் வாங்குங்கள். எத்தனை கொண்டுவந்தோம் என்பதைப் பையின் முதல் பாக்கெட்டில் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால், இறங்கும் அவசரத்தில் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.